ஹென்றி ஃபோர்டும் அவர் கட்டிய தொழிற்சாலையும்

சங்க ஆண்டு மலர்களில் புலவர்கள், அருளாளர்கள், நாட்டுத் தொண்டர்கள் ஆகியோரின் வாழ்க்கையை எழுதுவதே மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, அமெரிக்க நாட்டு மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு. ஆலைச் சங்கின் ஒலி கேட்டு அடுப்பு மூட்டும் குடும்பங்கள் நாம். முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்றே நம் வீட்டுச் சோறும் உறக்கமும் பங்கிடப்படுகின்றன. இந்த வாழ்க்கை முறை வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கும் பிறந்த ஊர் உண்டு. பெற்று வளர்த்த மனிதரும் உண்டு. அவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் ஹென்றி ஃபோர்டு. அவரைப் போற்றுவோர் உலகில் பலர், தூற்றுவோரும் பலர். இரு சாராருக்கும் வேண்டிய சான்றுகளைத் தம் வாழ்நாளில் அவரே ஏராளமாக விட்டுச் சென்றிருக்கிறார்.

1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்னும் ஊரையடுத்த ஒரு பண்ணை வீட்டில் ஹென்றி பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்தில் கொடிய பஞ்சம் நிலவிய 1847-ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்து நிலம் திருத்தி வாழ்ந்தவர். மகனும் ஏரும் மாடுமாக வாழ்வான் என்றே அவர் எண்ணியிருந்தார். மகனுக்கோ வயல் வேலையில் மனம் செல்லவில்லை. கைக்குக் கிடைத்த கடிகாரங்களையெல்லாம் பிரித்துப் பார்ப்பதும் மீண்டும் பூட்டுவதுமே அவனுக்கு விளையாட்டு. 1876-ஆம் ஆண்டில், ஹென்றிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தாய் மேரி காலமானார். அவ்வாண்டே, குதிரை பூட்டாமல் தன் ஆற்றலாலேயே சாலையில் நகர்ந்து வந்த நீராவி இயந்திரம் ஒன்றை அச்சிறுவன் கண்டான். வண்டியிலிருந்து குதித்தோடி அதன் ஓட்டுநரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான். முதுமையிலும் அந்த நாளை அவர் மறந்ததில்லை.

பதினாறு வயதில் பண்ணையை விட்டு டெட்ராய்ட் நகரம் சென்றார். இயந்திரப் பட்டறை ஒன்றில் வாரக்கூலி இரண்டரை டாலர். தங்கி உண்பதற்கோ வாரம் மூன்றரை டாலர் ஆயிற்று. இடையே விழுந்த ஒரு டாலர் பள்ளத்தை, இரவு வேளைகளில் நகைக் கடையொன்றில் கடிகாரம் பழுதுபார்த்து அடைத்தார். ஊரை விட்டு வேலை தேடி வந்து முதல் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்த்த நம் முன்னோர் பலருக்கு இக்கணக்கு விளங்கும்.

1888-ஆம் ஆண்டில் கிளாரா பிரையன்ட் என்னும் பெண்மணியை மணந்தார். தந்தை கொடுத்த காட்டு நிலத்தில் மரம் அறுத்து விற்றுக் கொஞ்ச காலம் வாழ்ந்தார். ஆயினும் 1891-இல், தாம் கட்டிய புது வீட்டையும் விட்டுவிட்டு, மனைவியுடன் மீண்டும் டெட்ராய்ட் நகரத்திற்கே சென்று எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் பொறியாளராக அமர்ந்தார். கிளாரா அம்மையாருக்குப் பண்ணையைப் பிரிய மனமில்லை; எனினும் மறுத்துரைக்கவில்லை. 1893-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, அம்மையார் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது, கணவர் தாம் செய்த சிறு பெட்ரோல் இயந்திரத்தைக் கொண்டுவந்து அடுப்பங்கரைத் தொட்டியின்மேல் பொருத்தினார். வீட்டு மின்சாரத்திலிருந்து பொறி. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் வேலை அம்மையாருக்கு. இயந்திரம் இருமிற்று, நெருப்பைக் கக்கிற்று, ஓடிற்று. அவர்களுடைய ஒரே மகன் எட்செல் ஏழு வாரக் குழந்தையாக அவ்வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தான். அந்த மாலையை எழுதும் வரலாற்றாசிரியர்கள் இயந்திரத்தைப் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். சமையலைப் பாதியில் விட்டு எண்ணெய்ப் பாத்திரத்தைப் பிடித்து நின்ற அம்மையாரின் பொறுமையையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

பாக்லி தெருவில், குடியிருந்த வீட்டின் பின்புறக் கொட்டகையில், இரண்டரை ஆண்டுக் காலம் இரவு நேரங்களில் உழைத்து முதல் வண்டியைச் செய்து முடித்தார். நான்கு மிதிவண்டிச் சக்கரங்கள். பின்னோக்கிச் செல்ல வழியில்லை. 1896-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் விடியுமுன் அதை வெளியே எடுக்க முயன்றபோதுதான், கொட்டகையின் கதவைவிட வண்டி அகலமானது என்பது தெரிந்தது. கோடரியை எடுத்துச் செங்கற் சுவரை இடித்து வழி செய்துகொண்டார். அது வாடகைக் கொட்டகை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அதன் பின்னர்த் தொடங்கிய இரு கம்பெனிகள் நிலைக்கவில்லை. 1899-இல் பிறந்த முதற் கம்பெனி 1901-இல் கலைக்கப்பட்டது. வின்டன் என்னும் புகழ்பெற்ற வண்டிக்காரரை 1901 அக்டோபரில் பந்தயத்தில் வென்றதால் இரண்டாவது கம்பெனிக்கு முதல் கிடைத்தது. பங்குதாரர்களுடன் மனக்கசப்பு ஏற்பட்டு நான்கே மாதங்களில் அதையும் விட்டு வெளியேறினார். அவர் விட்டுச் சென்ற அந்தக் கம்பெனிதான் ஹென்றி லீலண்டு என்பாரின் கைத்திறத்தால் காடிலாக் என்னும் பெயரில் செல்வர்களின் வண்டியைச் செய்யலாயிற்று.

மூன்றாவது முயற்சியே ஃபோர்டு மோட்டார் கம்பெனி. 1903 ஜூன் 16-ஆம் நாள் அது பதிவாயிற்று. கையில் வந்த ரொக்க முதல் 28,000 டாலர். நிலக்கரி வணிகர் மால்கம்சன், அவரிடம் கணக்கராக இருந்த ஜேம்ஸ் கூசன்ஸ், இயந்திரப் பகுதிகளைச் செய்து தந்த டாட்ஜ் சகோதரர்கள் ஆகியோர் பங்குதாரர்களுள் சிலர். மாக் அவென்யூவில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு பட்டறை. பத்துப் பன்னிரண்டு ஆட்கள். ஆளுக்கு நாட்கூலி ஒன்றரை டாலர். ஜூலை மாதத்தில் வங்கிக் கணக்கில் இருந்தது 223 டாலரும் சில்லறையும். அந்நிலையில் சிகாகோ நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் 850 டாலருக்கு முதல் வண்டியை வாங்கினார். கம்பெனி பிழைத்தது. கூசன்ஸின் சகோதரி, பள்ளி ஆசிரியை, சேர்த்து வைத்த பணத்தில் 100 டாலரை அஞ்சி அஞ்சி அதில் இட்டிருந்தார். 1919-இல் அந்தப் பங்கை விற்றபோது அவருக்குக் கிடைத்தது இரண்டரை இலட்சம் டாலருக்கும் மேல். நம் காலனிச் சகோதரிகள் இச்செய்தியைச் சீட்டுப் பிடிப்போர் சொல்லுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதிருப்பாராக.

1904-இல் பிக்கெட் அவென்யூவில் கம்பெனி தன் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டிற்று. மூன்று மாடிச் செங்கற் கட்டடம்; 402 அடி நீளம், 56 அடி அகலம்; பஞ்சாலையைப் போல் இருபுறமும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். இடையிடையே தீத்தடுப்புச் சுவர்களும் கட்டப்பட்டன. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. ரான்சம் ஓல்ட்ஸ் என்பார் டெட்ராய்ட்டில் நடத்திய மோட்டார்த் தொழிற்சாலை 1901 மார்ச்சில் தீக்கிரையாகியிருந்தது. அமெரிக்காவில் மலிவான மோட்டார் வண்டியைப் பெருந்தொகையாகச் செய்தவருள் முதல்வர் அந்த ஓல்ட்ஸே. ஃபோர்டின் புகழொளியில் அவர் பெயர் மங்கிவிட்டது. ஆகவே ஒரு வரியேனும் ஈண்டு அவருக்கு உரித்தாக்கினோம்.

பிக்கெட் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில், மூலையில், பலர் புகாதவாறு ஓர் அறையை ஃபோர்டு தடுத்தார். ஜோசப் காலம்ப் என்னும் ஹங்கேரிய இளைஞர் கரும்பலகையில் படம் வரைவார். வில்ஸ் என்பவர் உலோகங்களை ஆராய்வார். ஃபோர்டு நாற்காலியில் அமர்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருப்பார். அங்கே உருவானதே மாடல் டி என்னும் வண்டி. எடை குறைந்து உறுதி மிகுந்த வனேடியம் எஃகு, இருபது குதிரைத் திறனுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம், சேற்றிலும் பள்ளத்திலும் அடி தட்டாதபடி உயர்ந்த அடிப்பாகம் என்று, பண்ணைச் சாலைகளில் பிறந்து வளர்ந்த ஒருவர் அச்சாலைகளுக்கென்றே நினைத்துச் செய்த வண்டி அது. 1908 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. விலை 850 டாலர். குடியானவர்கள் பின்சக்கரம் ஒன்றை உயர்த்தி வார்ப்பட்டை மாட்டி, அதனால் தண்ணீர் இறைத்தார்கள், மரம் அறுத்தார்கள். செல்வர் வீட்டு அணிகலனாக இருந்த மோட்டார் வண்டி உழவனின் கருவியானது இவ்வாறுதான். அந்த பிக்கெட் கட்டடம் இன்றும் இடியாமல் காட்சிச்சாலையாக நிற்கிறது.

வண்டிக்கு வந்த கேட்பைப் பிக்கெட் தாங்கவில்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்டு பார்க் என்னும் இடத்தில் 1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. ஆல்பர்ட் கான் என்னும் சிற்பி அதனை வரைந்தார். சுவர் எங்கே, சன்னல் எங்கே என்று அறியவியலாதபடி கண்ணாடி மிகுந்திருந்ததால் மக்கள் அதைப் பளிங்கு மாளிகை என்றே அழைத்தனர். ஜெர்மனியில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்த ஆல்பர்ட் கான் ஒரு யூத குருவின் மகன். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், பின்னர் தேவைப்படும்.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இந்த ஹைலண்டு பார்க். அதற்கு முன் வண்டி ஓரிடத்தில் நிற்கும். ஆட்கள் பகுதிகளைச் சுமந்துகொண்டு அதனைச் சுற்றி வருவார்கள். ஒரு கைவினைஞர் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்வார். பொறி தரும் மாக்னெட்டோ என்னும் கருவியைப் பூட்ட ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். 1913-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவ்வேலையை இருபத்தொன்பது கூறாகப் பிரித்து, இருபத்தொன்பது பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் ஒரு திருகாணியோ இரண்டு திருகாணியோ முடுக்கி அடுத்தவரிடம் தள்ளும்படி செய்தார்கள். கருவி ஒன்றுக்கு ஆகும் உழைப்பு பதின்மூன்று நிமிடம் பத்து வினாடியாகக் குறைந்தது. மேசை தாழ்ந்திருந்ததால் ஆட்கள் குனிய வேண்டியிருந்தது. அதை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், ஏழு நிமிடம் ஆயிற்று. சங்கிலி பூட்டித் தானே நகரச் செய்தார்கள், ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்னர் வண்டியின் அடிச்சட்டத்திற்கே அம்முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் கயிறு கட்டி இழுத்தார்கள், பிறகு சங்கிலி. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த பூட்டுவேலை 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் தொண்ணூற்று மூன்று நிமிடமாகிவிட்டது.

இதனை ஃபோர்டு ஒருவரே கண்டுபிடித்தார் என்பது பாமரர் கூற்று. சோரன்சன், ஏவரி, மார்ட்டின் எனப் பலர் மூளை அதில் உண்டு. சிகாகோ இறைச்சிக் கூடங்களில் தலைகீழாகத் தொங்கி நகரும் விலங்கின் உடலை ஒவ்வொரு வெட்டுக்காரரும் ஒவ்வொரு பகுதியாக அரிந்தெடுப்பதைக் கண்டு வந்தவரும் அவர்களுள் இருந்தார். அங்கே பிரித்தார்கள், இங்கே பூட்டினார்கள். ஃபோர்டின் பங்கு, முயன்று பார்க்க எவரையும் தடுக்காததும், வெற்றி கண்டதை உடனே ஆலை முழுவதும் பரப்பியதும் ஆகும். அது சிறிய பங்கன்று.

ஆனால் மனிதனுக்கு என்ன நேர்ந்தது? ஒன்பது மணி நேரம் ஒரே திருகாணி. பேசக்கூடாது, அமரக்கூடாது, சங்கிலி போகும் வேகமே கையின் வேகம். ஆட்கள் ஓடினார்கள். 1913-ஆம் ஆண்டில் ஏறக்குறைய பதினாலாயிரம் பேரை வேலையில் வைத்திருப்பதற்கு ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், அவ்வாலையின் வாயில் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் நுழைந்தவர் மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தார்.

1914 ஜனவரி 5-ஆம் நாள் கம்பெனி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதுவரை ஒன்பது மணி நேரத்திற்கு இரண்டு டாலர் முப்பத்து நான்கு சென்ட் இருந்த நாள் வருமானம், இனி எட்டு மணி நேரத்திற்கு ஐந்து டாலர். ஆலை மூன்று ஷிப்டாக இடைவிடாது நடக்கும். உலகமே வியந்தது. மற்ற முதலாளிகள் பொருளாதாரம் கவிழ்ந்துவிடும் என்றார்கள். வேலை தேடி வந்தோர் பதினாயிரம் பேர் வாயிலில் திரண்டனர். ஒரு வாரத்திற்குப் பின், கடுங்குளிரில் நெரிந்த அக்கூட்டத்தின்மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். துணி உடலிலேயே பனியாக உறைந்தது. ஐந்து டாலர் நாளின் புகழைப் பாடுவோர் இந்த ஈரத்தையும் பாட வேண்டும்.

தம் தொழிலாளரே தம் வண்டியை வாங்க வேண்டும் என்பதற்காகவே ஃபோர்டு கூலியை உயர்த்தினார் என்று எழுதுவோர் உண்டு. அக்கூற்று கணக்குக்கு ஒவ்வாது. ஆண்டுக்கு இரண்டு இலட்சத்திற்கு மேல் வண்டி செய்யும் ஆலை, பதினாலாயிரம் தொழிலாளர் வாங்குவதால் வாழ்ந்துவிடாது. ஆள் நிலைக்க வேண்டும் என்பதே முதற் காரணம். அதிலே நல்லெண்ணமும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. உடற்குறையுடையோரை ஆயிரக்கணக்கில் சேர்த்து அவரவர்க்கேற்ற வேலை தந்தவரும், பிறர் கதவடைத்த காலத்தில் கறுப்பின மக்களைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுத்தவரும் அவரே. 1926-இல் வாரத்திற்கு ஐந்து நாளே வேலை என்று ஆக்கியவரும் அவரே.

ஆயின் அந்த ஐந்து டாலர் முழுவதும் கூலியன்று. ஏறத்தாழப் பாதிதான் கூலி. மறுபாதி இலாபப் பங்கு. அப்பங்கைப் பெறுவதற்கு ஒழுக்கமாக வாழ்கிறோம் என்று மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென்று ஒரு துறையே அமைத்தார்கள். அதன் அலுவலர்கள் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்றார்கள். திருமணம் முறைப்படி நடந்ததா, வங்கியில் சேமிப்பு உண்டா, வீடு தூய்மையாக இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, வாடகைக்கு வேற்றாட்களைக் குடிவைத்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டு ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். குறை காணப்பட்டவருக்கு இலாபப் பங்கு நிறுத்தப்பட்டது, திருந்தக் கெடு தரப்பட்டது, திருந்தாதவர் வெளியேற்றப்பட்டனர். இதனால் வீடு நிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. கணவன் குடியை விட்டதற்கு மகிழ்ந்த மனைவியரும் உண்டு. எனினும், குவார்ட்டர்ஸில் வாழும் நாம் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். மின்சார மீட்டரைக் குறிக்க வருபவர் அடுப்பங்கரைக்குள்ளும் எட்டிப் பார்த்து, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மைத்துனர் யார், எத்தனை நாள் இருப்பார், வங்கிப் புத்தகம் எங்கே என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் இன்முகத்துடன் விடை கூறுவோம்?

இன்னொன்றும் நடந்தது. ஹைலண்டு பார்க்கில் வேலை செய்தோரில் பெரும்பாலோர் போலந்து, இத்தாலி, ரஷ்யா, ருமேனியா, சிரியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கம்பெனி பள்ளி நடத்திற்று. மொழி கற்பித்தது நன்றே; அறியாத மொழியின் எச்சரிக்கைப் பலகையால் விரல் இழந்தோருக்கு அது தேவையும்கூட. ஆனால் பட்டமளிப்பு விழாவில் ஒரு நாடகம் நிகழ்த்தினார்கள். மேடையின் பின்னே கப்பல். முன்னே மாபெரும் அண்டா. மாணவர்கள் தத்தம் நாட்டு உடையுடன் மூட்டை சுமந்து கப்பலிலிருந்து இறங்கி அண்டாவுக்குள் புகுவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பையால் கிளறுவார்கள். உள்ளே போனவர்கள் சிறிது நேரத்தில் அமெரிக்கச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து, கையில் கொடி அசைத்து வெளிவருவார்கள். பார்த்தோர் கைதட்டினார்கள், பட்டம் பெற்றோரும் பெருமையுற்றார்கள் என்றே தெரிகிறது. பிழைக்க வந்த ஊரின் மொழியை மதித்துக் கற்று, அவ்வூர் மக்களோடு உறவாடி, வீட்டில் தாய்மொழியும் பொங்கலும் கோலமும் காத்து, சங்கம் கூட்டிப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கும் நமக்கு அந்த அண்டா உவப்பானதன்று. வந்த ஊருக்கு நன்றியுடன் இருக்கப் பழைய உடுப்பைக் களைந்தெறிய வேண்டுவதில்லை என்பதற்கு நம் காலனியின் தெருக்களே சான்று. வீடு தோறும் சென்று பார்க்கும் அத்துறை 1920-ஐ ஒட்டித் தேய்ந்து மறைந்தது. பின்னாளில் அதனினும் கடுமையானது அதன் இடத்திற்கு வந்தது.

மாடல் டி உலகை வென்றது. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றே. விலை ஆண்டுதோறும் இறங்கி, மிக மலிவான வகை 260 டாலருக்கு வந்தது. 1920-களின் தொடக்கத்தில் உலகில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறக்குறையப் பாதி அதுவே. இந்தியாவிலும் 1926-இல் ஃபோர்டின் கிளை ஏற்பட்டது. அது 1950-களில் மூடப்பட்டது. பிற்காலத்தில் செங்கற்பட்டை அடுத்த மறைமலை நகரில் கம்பெனி மீண்டும் கால்கொண்டு, 2022 வரை கார்கள் செய்தது.

செல்வமும் புகழும் சேர்ந்தபோது, இயந்திரம் அறிந்த தமக்கு எல்லாம் தெரியும் என்னும் எண்ணம் ஃபோர்டுக்கு வந்தது. 1915-இல் ஐரோப்பியப் போரை நிறுத்தக் கப்பல் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அமைதித் தூதர்களை ஏற்றிச் சென்றார். உலகம் நகைத்தது. முயன்ற அளவுக்கு அவரைப் பாராட்டலாம் என்பதே எம் கருத்து. அவ்வாண்டே கூசன்ஸ் விலகினார். பங்குதாரரான டாட்ஜ் சகோதரர்கள் இலாபப் பங்கு கேட்டு வழக்காடி 1919-இல் வென்றனர். சினந்த ஃபோர்டு எல்லாப் பங்குகளையும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் கம்பெனியைத் தம் குடும்பத்தின் தனிச் சொத்தாக்கினார். இனி அவரை மறுத்துப் பேச எவருமில்லை.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. தாம் விலைக்கு வாங்கிய டியர்பார்ன் இண்டிபெண்டன்ட் என்னும் வார இதழில் 1920 முதல் யூத மக்களை இழித்துப் பழிக்கும் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் வெளியிடச் செய்தார். உலகில் நடக்கும் தீமைக்கெல்லாம் ஓர் இனமே காரணம் என்னும் பொய் அது. வண்டி விற்கும் கடைகளின் வழியே அவ்விதழ் நாடெங்கும் பரவிற்று. நூலாகத் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. 1927-இல் வழக்கு நெருக்கியபோது மன்னிப்புக் கேட்டு இதழை மூடினார். ஆயினும் 1938-இல் ஹிட்லர் அரசு அனுப்பிய பதக்கத்தைத் தம் எழுபத்தைந்தாம் பிறந்த நாளில் பெற்றுக்கொண்டார். அவர் பெருமையெல்லாம் குடியிருந்த ஆலைகளை வரைந்து தந்தவர் யாருடைய மகன் என்பதை முன்னரே கூறினோம். இக்குற்றத்திற்குச் சமாதானம் கூற எம்மால் இயலவில்லை; கூறவும் கூடாது.

மகன் எட்செல் தந்தைக்கு நேர்மாறானவர். மென்மையான சொல், ஓவியத்தில் ஈடுபாடு, வண்டியின் அழகில் தேர்ந்த கண். 1919-இல் கம்பெனித் தலைவர் என்னும் பெயர் அவருக்கு வந்தது; அதிகாரம் தந்தையிடமே நின்றது. மகன் கொடுத்த ஆணையைத் தந்தை மாற்றுவார். பலர் முன்னிலையிலும் கடிந்துகொள்வார். மாடல் டி பழைமையாகிவிட்டது, புதிய வண்டி வேண்டும் என்று எட்செல் ஆண்டுக்கணக்கில் வேண்டினார். போட்டிக் கம்பெனியின் ஷெவர்லே வண்டி முந்தத் தொடங்கிய பின்பே ஃபோர்டு இசைந்தார். 1927 மே 26-ஆம் நாள், ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வண்டியில் தந்தையும் மகனும் அமர்ந்து ஹைலண்டு பார்க்கிலிருந்து புறப்பட்டனர். அதனோடு அந்த வண்டியின் காலம் முடிந்தது. வண்டி பூட்டும் பணி ரூஜ் ஆற்றங்கரையில் எழுந்த புதிய பேராலைக்குச் சென்றது. இரும்புத் தாதும் நிலக்கரியும் ஒரு புறம் கப்பலில் வந்திறங்க, மறுபுறம் வண்டி ஓடி வெளிவரும் ஆலை அது. ஏறக்குறைய இலட்சம் பேர் அங்கே வேலை செய்த காலமும் உண்டு.

அந்த ரூஜ் ஆலையில் ஹாரி பென்னட் என்பவர் ஓர் ஒற்றர் படையையே நடத்தினார். தொழிற்சங்கம் என்ற சொல்லை முணுமுணுத்தவருக்கும் வேலை போயிற்று. 1932 மார்ச் 7-ஆம் நாள், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் ஊர்வலமாக வந்தபோது துப்பாக்கிகள் வெடித்தன, நால்வர் இறந்தனர். 1937 மே 26-ஆம் நாள், ஆலையின் நான்காம் வாயிலையடுத்த நடைமேம்பாலத்தில் துண்டறிக்கை வழங்கச் சென்ற வால்டர் ரூதர் முதலிய சங்கத்தாரைப் பென்னட்டின் ஆட்கள் இரத்தம் ஒழுக அடித்தார்கள். பெண்களையும் விடவில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் படத் தகடுகளை ஒளித்துக் காப்பாற்றியதால் உலகம் அதைக் கண்டது. எட்செல் சங்கத்துடன் பேச வேண்டும் என்றார், தந்தை இசையவில்லை. 1941 ஏப்ரலில் ரூஜ் ஆலையே வேலைநிறுத்தத்தால் நின்றது. ஜூன் மாதத்தில் ஃபோர்டு, மற்ற கம்பெனிகள் தராத சலுகைகளையும் தந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இரத்தம் சிந்துவது தொடர்ந்தால் தாம் வீட்டை விட்டுப் போய்விடுவதாகக் கிளாரா அம்மையார் கூறியதே அதற்குக் காரணம் என்பர். அன்று எண்ணெய்ப் பாத்திரத்தைப் பிடித்த அதே அம்மையார்தான்.

அந்த 1941-ஆம் ஆண்டில் ஃபோர்டு காந்தியடிகளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். அடிகள் கையொப்பமிட்ட சிறு இராட்டை ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார். நிமிடத்திற்கு நிமிடம் வண்டி பெற்றெடுத்த மனிதர் அந்த இராட்டையைப் போற்றி வைத்துக்கொண்டார் என அறிகிறோம். முதுமையில் அவர் மனம் பழங்காலத்தையே நாடிற்று. டியர்பார்னில் கிரீன்பீல்டு என்னும் பழைய சிற்றூரொன்றை அமைத்து, எடிசனின் ஆய்வுக்கூடம், தாம் பிறந்த பண்ணை வீடு எனப் பலவற்றை அங்கே கொணர்ந்து நிறுத்தினார். குதிரை வண்டி உலகைத் தம் கையால் அழித்தவர் அதனையே தேடித் தேடிச் சேர்த்தார்.

எட்செல் வயிற்றுப் புண்ணால் நெடுநாள் துன்புற்றார்; அது புற்றுநோயாயிற்று. 1943 மே 26-ஆம் நாள் நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். மாடல் டி முடிந்ததும், மேம்பாலத்தில் அடி விழுந்ததும், மகன் மறைந்ததும் ஒரே மே 26-ஆம் நாளில் அமைந்தமை தற்செயலே. எனினும் எழுதும் கை சற்று நிற்கிறது. எண்பது வயதை நெருங்கிய தந்தை மீண்டும் தலைமையேற்றார். நினைவு தடுமாறிற்று, கம்பெனி நட்டத்தில் ஓடிற்று. கிளாரா அம்மையாரும் எட்செலின் மனைவி எலினாரும் உறுதியாக நின்று, 1945 செப்டம்பரில் பேரன் இரண்டாம் ஹென்றியிடம் பொறுப்பை ஒப்புவிக்கச் செய்தனர். பேரன் செய்த முதற் செயல்களுள் ஒன்று பென்னட்டை வெளியேற்றியதாகும்.

1947 ஏப்ரலில் ரூஜ் ஆறு பெருக்கெடுத்தது. ஃபோர்டு தம் ஃபேர்லேன் மாளிகைக்கென அவ்வாற்றின் நீரால் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை அமைத்திருந்தார். அதனுள் வெள்ளம் புகுந்தது. விளக்குகள் அணைந்தன, தொலைபேசியும் இல்லை. 7-ஆம் நாள் பகலில் ஆற்றங்கரையையும் ஆலையையும் சுற்றிப் பார்த்து வந்தவர், இரவில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த அறையில், மனைவி அருகிருக்க உயிர் நீத்தார். வயது 83. டெட்ராய்ட்டில் ஃபோர்டு குடும்பத்தாரின் சிறிய கல்லறைத் தோட்டத்தில், பண்ணை வாழ்க்கை வாழ்ந்த பெற்றோரின் அருகே அவரை அடக்கம் செய்தனர். மூன்றாண்டுகள் கழித்துக் கிளாரா அம்மையாரும் அங்கேயே சேர்ந்தார்.